மூன்றில் இரண்டு ஆள்

நோட்ஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
பதிப்பகத்தின் தொலைபேசி எண் இருக்கிறது.
கழிவு கேட்கும் கடைக்காரர்களைத் தவிர
அதில் யாரும் அழைப்பதில்லை.
செவ்வாய்க்கிழமை, டீ ஆறிக்கொண்டிருந்தபோது
வியாசர்பாடியிலிருந்து ஒரு சிறுமி:
"அக்கா, எட்டாம் வகுப்பு, இருபத்துமூணாவது கணக்கு.
பஸ்ல இருபத்தாறு ஆள் வருது.
அப்புறம் மூன்றில் இரண்டு ஆள் வருது.
அது யாரு?"

பெயர் கேட்டேன். ஷாகிரா.
பின்னால் விடை முப்பது என்று இருக்கிறதே, பார்த்தாயா?
"பாத்தேன். அதனாலதான் கேக்குறேன்."

கணக்கு நான் எழுதியதுதான்.
ஒரு பேருந்தில் இருந்தவர்களில் பாதிப் பேர்
சைதாப்பேட்டையில் இறங்கினர்.
மீதிப் பேரில் நான்கில் ஒரு பங்கினர் கிண்டியில் இறங்கினர்.
இப்போது பத்துப் பேர் உள்ளனர் எனில்
தொடக்கத்தில் இருந்தோர் எத்தனை பேர்?

மூன்றில் என்று எழுதினேன்.
நான்கில் என்று அச்சாகியிருக்கிறது.
நானேதான் மெய்ப்பும் பார்த்தேன்.

எக்ஸ் என்க.
(இந்த 'என்க'வைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே
யார் வாயிலும் நான் கேட்டதில்லை.)
பாதி போனால் அரை எக்ஸ்.
அரையில் கால் போனால் அரையில் முக்கால்,
அதாவது எட்டில் மூன்று. அதுதான் பத்து.
பத்தை மூன்றால் வகுத்து எட்டால் பெருக்க
எண்பதின் கீழ் மூன்று.
இருபத்தாறு, அப்புறம் அந்த மிச்சம்.
சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

"திருத்திடுறேம்மா" என்றேன்.
"சரிக்கா. ஆனா அது யாரு?"
அவள் பக்கத்தில் யாரோ போனைக் கேட்டார்கள், கட்டாகிவிட்டது.

ஆறே முக்காலுக்குத் தேனாம்பேட்டையில் பதினெட்டு ஏ.
கட்டணமில்லாப் பயணச்சீட்டு,
நான் ஏறினேன் என்பதற்கு ஒரு பூஜ்யம்.
நந்தனத்தில் ஒரு கூட்டம் ஏறியது:
கனகாம்பரக் கூடை, கிடார் உறை, ஒரு தூங்கும் குழந்தை.
என் கணக்குகளில் யாரும் ஏறுவதே இல்லை.
இறங்கிக்கொண்டே இருப்பார்கள்,
விடை வரும்வரை.

படியில் ஒருவன்.
கூரியர் கம்பெனிச் சட்டை, பையின் மேல் தைத்த பெயர் தணிகைவேல்.
தலையும் ஒரு கையும் ஒரு காலும் உள்ளே.
முதுகுப்பையும் இடது தோளும் மற்றக் காலும்
அண்ணா சாலைக்குச் சொந்தம்.
மூன்றில் ஒரு பங்கு இன்னும் ஏறவில்லை.

சைதாப்பேட்டை.
இறங்குகிறவர்களுக்கு வழிவிட
அவன் ஒரு காலைத் தரையில் வைத்தான்.
கம்பியை விடவில்லை.
பதின்மூன்று பேர் இறங்கினார்கள்,
அவனிலும் மூன்றில் ஒரு பங்கு.
விசில்.

கிண்டி.
மூன்று பேர், மறுபடி அதே கால்.
அவனில் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு.
வண்டி பாலத்தடியில் வேகம் பிடித்தபோது திரும்பினேன்,
படி காலி.
எங்கே குதித்தான் என்று பார்க்கவில்லை.
ஓட்டுநர், நடத்துநரை விட்டு உள்ளே எண்ணினேன்.
பத்து வரும் என்று நம்பியே எண்ணினேன்.
பதினேழு.
இறங்கினவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரவு திருத்தப் பட்டியல் தட்டினேன்:
பக்கம் 61, கணக்கு 23,
'நான்கில்' என்பதை 'மூன்றில்' என்று படிக்கவும்.
அப்படிப் படித்தால் முப்பது பேர்,
முப்பதும் முழு ஆள்,
எல்லாருடைய இரண்டு கால்களும் உள்ளே.
தணிகைவேலுக்கு அதில் நிற்க இடமில்லை.
அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை பரீட்சை.

அழைப்புப் பட்டியலில் அவள் எண் மேலேயே இருந்தது.
'கொஞ்சம் ஏறினவன், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினவன்' என்று
தட்டினேன், அழித்தேன்.
'விடை 30தான், கேள்வியில்தான் பிழை' என்று அனுப்பினேன்.

பத்து நிமிஷம் கழித்துப் பதில்:
'அது தெரியும்க்கா.'